தேனீயின் வேலை

காளீஸ்வரி பழைய மல்துணியை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு ஒரு சூரியகாந்திப் பூவின் முகத்தைத் தடவுகிறாள். அதே துணியோடு அடுத்த பூவுக்குப் போகிறாள். மகரந்தம் அப்படித்தான் இடம் மாற வேண்டும். தேனீக்கள் இந்தத் தோட்டத்துக்கு வருவதில்லை.

ஒன்பதரைக்கு அவள் கிரஷரில் இருக்க வேண்டும். கல் உடைபடும் இடத்தில் தூசி எழாமல் தண்ணீர் அடிப்பது அவள் வேலை. அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் குழாயைத் திறக்கச் சொல்வார்கள். மற்ற நாளெல்லாம் ஜல்லி அள்ளுகிறாள்.

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் தென்காசிக்குக் கிழக்கே மேற்கிலிருந்து வீசும் வெறும் மேல்காற்றுதான். அது கிரஷரைத் தாண்டி நேரே இங்கே வருகிறது. இலையும் பூவும் மாவு பூசியதுபோல் வெளுத்துக் கிடக்கின்றன. போன வருடம் பாதி விதை உள்ளே பருப்பில்லாத பொக்கு.

தலைமுடி நரைத்துவிட்டதா என்று யாராவது கேட்டால், "பவுடரு. கல்யாணப் பொண்ணுல்லா!" என்பாள். கண்ணில் தூசி விழுந்தால் கசக்கமாட்டாள். நல்ல தண்ணீரில் இமைத்து இமைத்துக் கழுவுவாள். அதில் கெட்டிக்காரி. இருமலுக்கு மட்டும் மருந்து வாங்கமாட்டாள்.

தோட்டம் அவள் கணவனின் அக்கா ஆனந்தவள்ளியுடையது. இரண்டு வருடம் முன்பு, கிரஷரைப் பெரிதாக்கக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. ஆனந்தவள்ளி எழுந்து தூசியைப் பற்றிச் சொன்னாள். அடுத்து மைக்கை வாங்கிய காளீஸ்வரி, "தெனமும் ரெண்டு நேரம் தண்ணி அடிக்கோம். தூசியே கெடையாது" என்றாள். கைதட்டினார்கள். அதைப் பற்றி ஆனந்தவள்ளி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

இப்போது ஆனந்தவள்ளி இட்லித் தூக்கோடு வரப்பில் வந்து உட்காருகிறாள்.

"ஏட்டி, போதும். தேனீக்குச் சம்பளம் கெடையாது, தெரியும்லா?"

"இந்த வரிச முடிஞ்சிரும் மதினி."

"புதன்கெழம திரும்பவும் கூட்டமாம்லா. வாரியா?"

காளீஸ்வரியின் கை பூவிலேயே நின்றுவிடுகிறது.

"கிரஷர்க்காரவ பேசச் சொல்லிக் காயிதம் எழுதிக் குடுத்திருக்காவ மதினி."

"என்ன எழுதியிருக்கு?"

"போன தடவ சொன்னதேதான்."

"நீ என்ன சொல்லப் போற?"

"தெரியல மதினி."

ஆனந்தவள்ளி தூக்கைத் திறக்கிறாள். பக்கத்தில் மேற்குப்புறமாக வரப்பைத் தட்டி, "வா, இங்கன உக்காந்து தின்னு" என்கிறாள்.

காளீஸ்வரி சேலைக்கு மேல் போட்டிருந்த தூசி படிந்த வேலைச் சட்டையை ஒருமுறை குனிந்து பார்க்கிறாள். ஆனந்தவள்ளியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போகிறாள். தன்மேல் பட்ட காற்று மதினிமேல் படாத பக்கமாக உட்கார்ந்து, கையை நீட்டுகிறாள்.