பதினோரு ஹெட்போனும் ஒரு தமயந்தியும்

கண்களை இறுக மூடிக்கொண்டுதான் தமயந்தி ஹெட்போன் பார்ப்பார். கணினிச் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் லாயிட்டின் கடை. பிளாஸ்டிக் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. காதில் எதிரியின் காலடிச் சத்தம் விழுந்ததும் மவுஸைப் பிடித்திருக்கும் கை சடாரென்று ஒரு பக்கம் திரும்பும், சுடும். அதற்கப்புறம்தான் கண்ணைத் திறந்து, செத்தது யார் என்று பார்ப்பார்.

இன்று ஒவ்வொரு முறையும் செத்தது அவர்தான்.

வயது ஐம்பத்திரண்டு. ஆஸ்டின் டவுனில் எனக்கு மேல்வீடு. பீன்யாவில் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக டெஸ்டிங் பிரிவில் இருக்கிறார். மோட்டாரை ஓடவிட்டுக் காதைக் கொடுப்பார். மீட்டர் சரி என்று சொன்னாலும் இவர் "உள்ள முனகுது" என்பார். பிரித்துப் பார்த்தால் முனகியிருக்கும். அதனால் உலகத்தில் தன் காது ஒன்றைத் தவிர வேறு எதையும் அவர் நம்புவதில்லை. ஆட்டோவில் ஏறினால் இறங்குவதற்குள் டிரைவரிடம் பேரிங் போய்விட்டதென்று சொல்லிவிடுவார். எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பற்றி ஒருநாள் அவர் சொன்னதிலிருந்து நான் படியில்தான் ஏறுகிறேன்.

மகள் சஹானாவுக்காக வாங்கிய கணினியில் விளையாட்டு வந்து சேர்ந்தது. மகளுக்கு அலுத்துவிட்டது, அம்மாவுக்கு அலுக்கவில்லை. இப்போது நாலு பேர் கொண்ட ஓர் அணியில் இருக்கிறார். ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து, இணையத்தில் ஒன்றாக ஆடுவார்கள். மற்ற மூன்று பேரும் ஐடி வேலைக்கு வந்த இளசுகள். கேப்டன் ஹரிஷ், ஈரோட்டுப் பையன், இவர் வயதில் பாதிகூட இல்லை. சுடுவதற்கு அவர்கள், எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று கேட்டுச் சொல்ல தமயந்தி. மூன்று முறை அரையிறுதியில் தோற்ற அணி, முதல்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்திருக்கிறது. இன்று சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு ஆட்டம்.

வியாழக்கிழமை பார்த்து அவருடைய ஹெட்போன் மேல் கணவர் கணேசமூர்த்தி உட்கார்ந்துவிட்டார். பாவம், இரண்டு நாளாக மனிதர் சோபா பக்கமே போவதில்லை. "காது இல்லாம எறங்க முடியாதுக்கா. அஞ்சரைக்குள்ள சொல்லிடுங்க, இல்லன்னா வேற ஆளைப் போடணும்" என்று ஹரிஷ் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறான். அதிலிருந்து தமயந்திக்குச் சோறு இறங்கவில்லை. துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டாயிரத்துக்கு மேல் ஒரு பைசா தரமாட்டார். "காதுக்கு அதுக்கு மேல போடணும்னா நகையா வாங்கிக்குவேன்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். லாயிட் வானவில் வண்ணத்தில் விளக்கு எரிகிற ஒன்றைக் காட்டினார். "எரியறது என் தலைமேல. எனக்கு எப்படித் தெரியும்?" என்று அது தள்ளப்பட்டது. இன்னொன்றில் 'தும் தும்' என்கிற பேஸ் அதிகம். கல்யாண மண்டபத்தில் மேளத்துக்கு நடுவே ஆளைத் தேடுகிற மாதிரி இருக்கிறதாம், காலடிச் சத்தம் அமுங்கிவிடுகிறதாம். காது மெத்தையைக் கத்தரிக்காய் மாதிரி அமுக்கிப் பார்த்தார். வயரை இழுத்தார். மைக்கில் என்னைப் பேசவிட்டுக் கேட்டார்.

இதெல்லாம் தேறியவற்றில்தான் அந்த விசித்திரமான கோளாறு தலைகாட்டியது. தலைப்பட்டையை யாராவது விரித்து உடைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் வாடிக்கையாளர் தலையில் லாயிட்டே பதவிசாக மாட்டிவிடுவார். தமயந்தி கண்ணை மூடுவார், சுடுவார், சாவார். "லெஃப்ட் ரைட்டை மாத்திக் குடுக்குது. வயரிங் தப்பு" என்று கழற்றிக் கொடுப்பார். அடுத்தது, அதுவும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. தொழிற்சாலைகளில் யாருக்குமே பொறுப்பில்லை என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். இப்படியே மேஜைமேல் பதினோரு பெட்டி சேர்ந்துவிட்டது. மணி நாலரை.

லாயிட் பொறுமைசாலிதான். ஆனாலும் பதினோராவதைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டேவிட்டார்: "மேடம், பதினோரு கம்பெனிக்காரனும் பேசி வெச்சுக்கினு உங்களுக்குன்னே ஒரே தப்பைப் பண்ணுவானா?"

பழைய ஹெட்போனை வீட்டில் எப்படிப் போடுவீர்கள், ஒருதரம் போட்டுக் காட்டுங்கள் என்றார் லாயிட். தமயந்தி அந்தப் பதினோராவதையே வாங்கி, இயல்பாகத் தலைக்குக் கொண்டுபோனார். மைக் வலது கன்னத்துக்கு வந்தது. நானும் லாயிட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது இடப்பக்கம் வர வேண்டிய மைக்.

"லெஃப்ட்ல காபி வெச்சுக்குவேன். டம்ளர் எடுக்கறப்ப மைக்கு குறுக்க வருதுன்னு திருப்பிப் போட்டேன்" என்று இழுத்தார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். இரண்டு வருடமாக. காதில் வேர்க்காமல் இருக்க அந்தப் பழைய ஹெட்போனுக்கு பிளவுஸ் துணியில் இரண்டு உறை தைத்து மாட்டியிருந்தார். L, R எழுத்துகள் அதற்குள் மறைந்துபோயின. வலக் காதில் கேட்டால் எதிரி இடப்பக்கம் என்று அந்த அபாரமான காது தானாகவே பாடம் பண்ணிக்கொண்டுவிட்டது.

முகம் சிவந்துவிட்டது. அழப்போகிறார் என்று நினைத்தேன். "பீன்யால இத்தனை வருஷத்துல என் கைல தப்பிச்ச ஒரே ரிஜெக்ட் நாந்தான்டி, அனந்தி" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டூல் ஆடியது. எனக்கு வயிறு வலித்தது. லாயிட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர் என்ன என்று வந்து கேட்டு, புரியாமலே சேர்ந்து சிரித்தார்.

திருப்பி மாட்டியபடியே கண்ணை மூடி ஆடிப் பார்த்தார். வரிசையாக நாலு பேர் விழுந்தார்கள். அதையே ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கிக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினோம். வருகிறேன் என்று ஹரிஷிடம் சொல்லும்போது மணி ஐந்து இருபத்தைந்து.

தமயந்தி வீட்டில் உட்கார்ந்து பார்த்த ஆறு மணி ஆட்டம் நான் எதிர்பார்த்ததைவிடப் பயங்கரமாக இருந்தது. ஹரிஷ் விழுந்தான். மற்ற இருவரும் விழுந்தார்கள். கடைசியில் தமயந்தியும் எங்கோ ஒளிந்திருக்கும் ஓர் எதிரியும் மட்டும். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, மின்விசிறிச் சத்தத்தைத் தவிர. கணேசமூர்த்தி அதையும் நிறுத்திவிட்டார். தமயந்தி கண்ணை மூடிக்கொண்டார். தலை லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. கை இடப்பக்கம் திரும்பிச் சுட்டது.

ஜெயித்துவிட்டார்கள். கணேசமூர்த்தி மடியில் வைத்து ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரை தட்டோடு தரையில் கொட்டியது. ஹெட்போனுக்குள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்துவது எனக்கே மெலிதாகக் கேட்டது. தமயந்தி அதைக் கழற்றி, "நீயும் கேளு" என்று என் தலைக்குக் கொண்டுவந்தார். பாதியில் நிறுத்தி, L எங்கே இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தை என் இடது காதில் வைத்தார்.