முங்கிய முட்டிகள்

மகள் அரிசி களையக் குழாயைத் திறந்தாள். சட்டியிலிருந்த அரிசிமேல் தேயிலைச் சாயம்போலத் தண்ணீர் விழுந்தது. இலை ஊறிய வாடை.

நான் வளர்ந்த பெக்கான் நானாஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சதுப்புக்காட்டுத் தண்ணீருக்கும் இதே நிறம்தான். அங்கே மரங்களின் வேர்கள், மடக்கிய முட்டிகளைப்போல் மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் அம்மா சன்னலில் நின்று அவற்றையே பார்ப்பார்.

"என்னங்க, முட்டியெல்லாம் முங்கிருச்சு. அரிசிய மேல ஏத்துங்க!"

"வாசல்ல சொட்டுத் தண்ணி இல்ல லா," என்று முனகியபடியே அப்பா மூட்டையைத் தூக்குவார். விடிவதற்குள் வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிடும்.

பிறகு காட்டை அழித்து அன்னாசி நட்டார்கள். அடுத்த மழையிலும் அம்மா சன்னலில்தான் நின்றார். பார்த்துச் சொல்ல முட்டிகள் இல்லை. அரிசி கீழேயே நனைந்தது. அதைக் காயவைத்துத்தான் சாப்பிட்டோம்.

"இந்த அரிசிய கொட்டிறவாப்பா?" என்றாள் மகள்.

"கொட்டாதம்மா," என்று சட்டியை வாங்கிக்கொண்டேன்.