தேவிப்ரியா சுருக்கிய வரி

தென்னேரி தேவிப்ரியாவுக்கு நீளமான எதுவும் பிடிக்காது. காஞ்சிபுரத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஜாவா மொழியில் புரோகிராம் எழுதுகிறாள். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று விலாவாரியாக எழுதாமல், அதைச் செய்யும் மெத்தடின் பெயரை மட்டும் நான்கு புள்ளி (::) வைத்துக் கொடுத்துவிடுவாள். மற்றதை ஜாவா பார்த்துக்கொள்ளும். ஆபீஸில் அவளுக்கு 'நாலு புள்ளி' என்றே பெயர்.

தம்பி குருவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அவன் பெயரில் வாட்ஸ்அப் அழைப்பு அனுப்ப ஒரு புரோகிராம் எழுதினாள். அழைப்பை வார்த்தெடுக்கும் அச்சு மாதிரி அதில் இரண்டு கன்ஸ்ட்ரக்டர்கள். ஒன்று ஆளையும் முறையையும் கேட்கும். பெரியப்பா, அத்தை, சார் என்று பார்த்துப் போடும். மற்றது சோதனைக்கு எழுதியது. ஆளை மட்டும் கொடுத்தால் போதும், யாராக இருந்தாலும் டிஃபால்ட்டாக 'அன்புள்ள மாமா'தான்.

அனுப்பப் போகும்போது, ஆளையும் முறையையும் தனித்தனியாக எடுத்துக் கொடுக்கும் நீண்ட வரி அவள் கண்ணை உறுத்தியது. அதை அழித்துவிட்டு, கன்ஸ்ட்ரக்டரின் பெயரை நான்கு புள்ளியோடு வைத்தாள். இப்போது பட்டியலிலிருந்து அதற்குப் போவது ஆள் மட்டும். ஆகவே ஆளை மட்டும் கேட்கும் சோதனைக் கன்ஸ்ட்ரக்டரை ஜாவா எடுத்துக்கொண்டது. பிழை எதுவும் காட்டவில்லை. மாதிரிக்குத் தாய்மாமன் ராஜகோபாலுக்கும் பெண்ணின் அப்பாவுக்கும் அனுப்பினாள். குருவுக்கு இருவருமே மாமாதான். திருப்தியாக ஊருக்கே அனுப்பிவிட்டாள்.

போஸ்ட் ஆபீஸ் வடிவு அக்கா, தேவிப்ரியாவின் அம்மா காந்தாவுக்குப் போன் செய்தார். "ஏம்மா, உம்புள்ளைக்கு நான் எப்போ மாமா ஆனேன்?"

ராஜகோபால் நேரிலேயே வந்தார். "டீக்கடைல ஆளாளுக்குப் போனைக் காட்டி, நானும் மாமான்னு சொல்லிக்கினு இருக்கானுங்க. அப்ப நான் யாரும்மா?"

"நீங்கதான் மாமா நெஜம். மத்தவங்க எல்லாம் டிஃபால்ட்டு" என்றாள் தேவிப்ரியா.

"அது என்னா முறை?"



குருவின் மேனேஜர் சாமுவேல் அழைப்பை நெகிழ்ந்துபோய்ப் படித்திருந்தார். மாமா என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நாலு பேரை விசாரித்து, மண்டபத்துக்குப் பட்டு வேட்டியில் மாலையும் சீர்த்தட்டுமாக வந்தார். டீக்கடையில் போனைக் காட்டியவர்களும் வெறுங்கையோடு வரவில்லை.

"தாய்மாமன் வாங்கப்பா" என்று ஐயர் கூப்பிட்டதும் முன்வரிசையே எழுந்தது.

ராஜகோபால் திரும்பிப் பார்த்தார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று காந்தா எழுந்தே விட்டாள். அவரோ சாமுவேலின் தட்டைப் பார்த்தார். அன்னாசிப்பழம், திராட்சை, பேரீச்சை. தன் தட்டில் இருந்த வாழைப்பழத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வரிசையா வாங்கப்பா. மொத மால என்னுது."

மாலைகளுக்குள் குருவின் முகமே மறைந்துபோனது. இவன்தான் மாப்பிள்ளையா என்று பெண் பூவை விலக்கிப் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தேவிப்ரியா சோதனைக் கன்ஸ்ட்ரக்டரை அழித்தாள். உடனே அவள் சுருக்கிய வரியின் கீழே, பிழை என்று சிவப்புக் கோடு விழுந்தது.

"இப்ப வந்து சொல்லு" என்று கம்ப்யூட்டரை முறைத்தாள்.