மதகைத் திறக்கப் போனவர்

பிரான்சின் பர்கண்டிக் கால்வாயில், மதகின் இரண்டு கதவுகளுக்கு நடுவே எங்கள் சொகுசுப் படகு நிற்கிறது. தண்ணீர் வடிந்து படகு கீழே இறங்கினால்தான் முன்கதவு திறக்கும். மேல்தளத்தில் மெத்தை நாற்காலி, தட்டு நிறைய சீஸ். என் கணவர் அந்தோணி மட்டும் பையை மடியில் வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். மகள் தந்த இந்தப் பயணம் அவருக்கு ஒத்துவரவில்லை.

“நடக்கிறவன்லாம் நம்மள ஓவர்டேக் பண்றான். நான் டிரெய்ன் பிடிச்சு பாரிஸ் போறேன் லா.”

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். இவருக்கு இரண்டு காலும் இன்னும் பஸ்ஸில்தான்.

கரையில் மதகுக்காரப் பெண் ஒற்றை ஆளாக இரும்புக் கைப்பிடியைச் சுற்றுகிறாள். இவர் ஆங்கிலத்தில், “ஸ்டேஷன் தூரமா?” என்கிறார்.

“அந்தப் பக்கமும் ஒண்ணு சுத்தணும். சுத்திக் கொடுங்க, அப்புறம் சொல்றேன்” என்கிறாள் அவள்.

பையை வைத்துவிட்டு இறங்கிச் சுற்றுகிறார். தண்ணீர் மளமளவென்று வடிகிறது, கதவும் திறக்கிறது. அடுத்த மதகும் அவள் பொறுப்புதானாம், மொபெட்டைக் கிளப்புகிறாள். பின்னால் இவர் ஏறிக்கொள்கிறார்.

“ஸ்டேஷனுக்கா போறீங்க?” என்று கத்துகிறேன்.

“அங்க லேட்டா திறந்தா படகு நிக்கும். நீ சாப்பிடு.”