பால் காய்ச்சாத வீடு

இங்கே உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் திருப்பி எடுத்து வைக்கிறார்கள். மலாயாவிலிருந்து யாழ்ப்பாணத்து நீர்வேலிக்குப் படிப்பிக்க வந்த புதிதில் மாமி அப்படிச் செய்வதைப் பார்த்து, அளவு பிழைத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. "என்ன மாமி, ஒவ்வொரு நாளும் பிழைக்குதோ?" என்று கேட்டேன். மாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பிடியரிசியடி பிள்ளை! நல்ல காரியத்துக்கு எண்டு கேட்டு வருவினம். கொப்பர், என்ரை அண்ணை, படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டதும் உந்த அரிசியாலைதான்." ஒரு பிடி அரிசி ஒரு கூரையைத் தூக்கி நிறுத்துமா! அந்தக் குசினி வாசலில் நின்றபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. என் வகுப்புப் பிள்ளைகளும் பிடியரிசி சேர்த்தால் என்ன?

யாருக்காக என்பதற்கு, மலாயாவில் நான் வளர்ந்த செரம்பானுக்குப் போக வேண்டும். அங்கே கடைகளின் முன்னால் ஒரு நடைபாதை ஓடும். மலாய்க்காரர் காக்கி லீமா என்பார்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கக் கட்டியது. பொழுதுபட்டால் வீடில்லாதவர்களின் படுக்கையறை. சீனர், தமிழர், யாரென்று தெரியாதவர் எல்லோரும் வரிசையாகச் சாக்கு விரிப்பார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தபடி, "பாராதை, நட" என்பா. நான் பார்த்துக்கொண்டே நடப்பேன். மலாயாவில் வளர்ந்து இதை வாசிக்கும் உங்களுக்கும் அந்தக் கையிழுப்பு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்திலோ எங்கு பார்த்தாலும் வேலி. தென்னோலை முடைந்த ஆளுயரக் கிடுகு வேலிகளுக்கு நடுவே ஒழுங்கைகள். வீடில்லாதவர் இங்கே கண்ணில் படுவதே இல்லை. வகுப்பில் கேட்டேன், வீடில்லாத ஆரையேனும் தெரியுமோ என்று. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "வீடில்லாட்டில் என்னெண்டு ரீச்சர் ஊரிலை இருக்கிறது?" என்றாள் சிவக்கொழுந்து. வகுப்பிலேயே வாய் நீண்டவள்.

ஆனால் தெருமடத்தில் பொன்னம்மா இருந்தாள். நாள்தோறும் அந்த வழியாகத்தான் பிள்ளைகள் வந்துபோகிறார்கள். தொண்டைமானாற்றுப் பக்கத்தில் பிறத்தியார் காணியில் கொட்டில் போட்டிருந்தவள். கொட்டில் எரிந்தபின் திரும்பக் கட்டக் காணிக்காரர் விடவில்லையாம். கைக்குழந்தையோடு வந்தவள் மடத்து மூலையில் ஒதுங்கிவிட்டாள். மடம் மூன்று பக்கமும் திறந்தது. மாரி தொடங்கினால் சாரல் உள்ளே அடிக்கும். இவளுக்குப் பிடியரிசி சேர்ப்போமா என்றதும் பிள்ளைகள் புளுகத்தில் துள்ளினார்கள். பனையோலைப் பெட்டிகளோடு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனார்கள். "எங்கடை குறிச்சி அரிசிதான் கூட!" என்று சண்டை வேறு. ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஊர்வலமாய்ப் போய் அரிசியைப் பொன்னம்மாவின் முன்னால் வைத்தோம்.

அவள் பெட்டிகளைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நல்லது பிள்ளையள். உங்களுக்குப் புண்ணியம். ஆனா இதை நான் எங்கை வைச்சு அவிக்க? மடத்துக்குள்ளை அடுப்பு மூட்ட விடாயினம்."

எங்களில் ஒருவருக்குமே அது தோன்றவில்லை! வீடுள்ளவர்கள் வீடுள்ளவர்களிடம் கேட்டுச் சேர்த்த அரிசி. திரும்பும் வழியில் பிள்ளைகள் வாய் ஓயவில்லை.

"சோறாக் குடுப்பம்."

"ஒவ்வொரு நாளும் உன்ரை அம்மாவே காய்ச்சுவா?"

"அப்ப அடுப்புக் குடுப்பம்."

"அடுப்பை உன்ரை தலையிலையோ வைக்கிறது, விசரா? அதுக்குக் குசினி வேணும்."

"ரீச்சர்," என்றாள் சிவக்கொழுந்து, "உங்கடை வீட்டிலை குசினி இருக்குத்தானே? பூட்டித்தானே கிடக்கு?"

உண்மைதான். மாமி வளவுக்கு அடுத்த வளவில் எனக்கென்று ஒரு வீடு நிற்கிறது. அப்பா றெயில்வேயில் உழைத்து அனுப்பியதில், எனக்குச் சீதனமாக எழும்பியது. வேலிப் பொட்டு வழியாய் நுழைந்து முற்றம் கூட்டுவோம், கதவு திறப்பதில்லை. மலாயாவில் நாங்கள் இருப்பது றெயில்வேக் குவாட்டர்ஸ். அப்பா வேலையை விட்டதும் அதைக் காலிசெய்ய வேண்டும். இருந்து வளர்ந்த வீடு எங்களுடையதல்ல. என்னுடைய வீட்டில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. இதை அந்தச் சிறுமி கேட்கும்வரை நான் யோசித்ததே இல்லை.

பொன்னம்மா அங்கே இருக்கட்டும் என்று, மாமியிடம் அந்த வீட்டுப் பூட்டின் திறப்பைக் கேட்டேன். "அவை ஆர் ஆக்கள் எண்டு கேட்டனியோ?"

"வீடில்லாத ஆக்கள், மாமி."

"நான் கேட்டது உனக்கு விளங்கேல்லையோ, விளங்காத மாதிரி நிக்கிறியோ?"

சாதியைத்தான் கேட்கிறார் என்று விளங்கியது. திறப்புக்கு நீட்டிய கையை நான் மடக்கவில்லை. மாமி வேறு பக்கத்தால் வந்தார். "பால் காய்ச்சாத வீடடி. நீ தாலியோடை வந்து முதல் அடுப்பு மூட்டவேணும் எண்டு அண்ணை கட்டினது. அதுக்கு முந்திப் பிறத்தியார் உலை வைக்கிறதோ?"

"மாப்பிள்ளை வர முன்னம் மாரி வந்திடும் மாமி."

"வாய்க்குக் குறைச்சலில்லை. கொப்பருக்கு எழுதிக் கேள்."

எழுதிவிட்டேன். கப்பல் போய், மறுமொழி வந்து சேருமுன் மழை பிடித்துவிடும். ஆகவே மாமியிடம் இன்னொன்று சொன்னேன். முதல் அடுப்பு நான் மூட்டவேண்டும் என்பதுதானே வழக்கம்? நானே மூட்டுகிறேன். கழுத்தில் தாலி இருக்கிறதா என்று அடுப்புப் பார்க்கப்போவதில்லை. மாமி திறப்பை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டு போனார். மறுநாள் பிடியரிசி எடுத்து வைக்கும்போது, எனக்கு முதுகு காட்டியபடியே, "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முந்திப் பால் பொங்கிப்போட வேணும்" என்றார். திறப்பு இன்னும் அவரது இடுப்பில்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குப் பிள்ளைகள் விறகு கொண்டு வருகிறார்கள். சிவக்கொழுந்து வீட்டில் ஒரு புதுப்பானை தருகிறார்களாம். பொன்னம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கதவு திறந்தபின்தான் சொல்வேன். செரம்பான் குவாட்டர்ஸில் அம்மா வேறொருவர் வீட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும் அந்தக் காலையில், நான் என் வீட்டுக் குசினியில் முதல்முதலாக நெருப்பு மூட்டிப் பார்க்கப்போகிறேன், வேறொருத்தி உலை வைப்பதற்காக.