ஓயாஜி பாண்டில் ஒரு மொட்டைத் தலை

இந்த ஊரில் வேலை முடிந்து கிளம்பும்போது யாரும் "வரட்டுமா" என்று கேட்பதில்லை. "களைத்துப் போயிருப்பீர்கள்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு லிஃப்டில் இறங்குகிறார்கள். வந்த புதிதில், என் முகம்தான் வாடிக் கிடக்கிறதோ என்று கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொள்வேன். அது வெறும் வாய்வழக்கம் என்று பிறகு தெரிந்தது. ஐந்து வருடம் ஓடியதில் என் விஷயத்தில் அது உண்மையாகவும் ஆகிவிட்டது. நகோயாவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை. ஐந்து நாள் சாம்பல் நிறச் சட்டை, ஒரு நாள் துணி துவைப்பது, ஒரு நாள் தூங்குவது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று யோசிக்கக்கூட அலுப்பாக இருக்கும்.

அந்த அலுப்பிலிருந்து என்னைக் கிளப்பியவர் மொரிதா-சான்; 'சான்' என்பது இங்கே நம் 'சார்' மாதிரி. கொள்முதல் பிரிவின் தலைவர், ஐம்பத்தைந்து வயது, காலையில் பார்த்தால் தலை வணங்குவதோடு சரி. ஒரு சனிக்கிழமை ஸ்டேஷனில் அவரைத் தோல் ஜாக்கெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதுகில் கிதார், ஜாக்கெட்டின் ஜிப் தொப்பைக்கு மேலே ஏற மறுக்கிறது. அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாண்டு வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட நாளில் கேட்டு மயங்கிய ராக் பாட்டுகளை, தலை நரைத்த பிறகு வாடகை அறையில் கூடி வாசிக்கிறார்கள். ஊருக்கு ஊர் இப்படி உண்டு. 'ஓயாஜி பாண்டு' என்று பெயர், நம் கணக்கில் பெருசுகளின் பாண்டு. மின்சார கிதாரைத் தொட்டாலே உருப்படாத பிள்ளை என்று அந்தக் காலத்தில் பெயர் வாங்கினார்களாம். டிரம்ஸ் வாசித்தவருக்கு மணிக்கட்டு போய்விட்டது, ஆள் தேடுகிறோம் என்றார். திருத்தணியில் பாலிடெக்னிக் படித்த தொண்ணூறுகளில், ஆடிக் கிருத்திகை மேடையிலும் பொதட்டூர்பேட்டைக் கல்யாணங்களிலும் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் அடித்தவன் நான். முப்பத்து நான்கு வயதில் ஓயாஜி ஆனேன்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை அந்த இரண்டு மணி நேரம்தான் இந்த நாட்டில் எனக்கு வீடு. பாட்டின் வரிகள் பாதி புரியாது. ஆனால் மொரிதா-சான் கண்ணை மூடிக்கொண்டு பாடும்போது என் டிரம்ஸ் கட்டை விழ வேண்டிய இடத்தில் சரியாக விழும். அதை நானே கெடுத்துக்கொண்டேன்.

வட்டார அரங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கச்சேரி. அதற்கு முந்தைய திங்களன்று, நெடுநாளாகப் படுக்கையில் இருந்த மொரிதா-சானின் மனைவி இறந்துபோனார். இறுதிச் சடங்குக்குப் போனேன், ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டேன். கச்சேரியைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. இதில் பேச என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் சாவுக்கு மேளம் உண்டு, அது சுடுகாட்டோடு சரி. அதன் பிறகு கருமாதி முடியும்வரை அந்த வீட்டில் ரேடியோகூடப் பாடாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். பாஸ் கிதார் வாசிக்கும் காதோ-சான் ஃபோனில் கூப்பிட்டார்.

"குமார்-சான், எங்கே இருக்கிறீர்கள்?"

"வீட்டில்."

"எந்த ஸ்டேஷனில்?"

"இல்லை, வீட்டில்தான். இன்றைக்கு எப்படிக் கச்சேரி?"

அவர் அப்போதுதான் சொன்னார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே நாலு பேருக்கும் சட்டைத் துணி தேர்ந்தெடுத்திருக்கிறார். எது நடந்தாலும் கச்சேரியை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை. ஓடிப் போய்ச் சேர்ந்தபோது டிரம்ஸ் இல்லாமலே மூன்று பாட்டுப் பாடி முடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வழக்கத்தைத் தத்துப்பித்தென்று சொல்லிப் பார்த்தேன். "வந்ததற்கு நன்றி" என்று மொரிதா-சான் குனிந்தார். என் அளவில் தைத்த சட்டை காகித உறையில் பிரிக்காமல் இருந்தது.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் ஃபோன் வரவில்லை. லிஃப்டில் அதே வணக்கம் மட்டும் உண்டு. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நம் ஊரில் திட்டித் தீர்த்துவிட்டு டீயும் வாங்கிக் கொடுப்பார்கள். நான்கு மாதம் இப்படியே போனது. அப்புறம் ஒரு விடியற்காலையில் அக்கா கூப்பிட்டாள்.

"நைனா பூட்டாருடா. நீ வர்ற வரிக்கும் வச்சிகினு இருக்க முடியாதுன்றாங்க."

அப்பா இறந்ததை மேலதிகாரியிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பலைக் கரைத்துவிட்டிருந்தார்கள். கருமாதியன்று குளக்கரையில் முடி எடுப்பவர் முன்னால் உட்கார்ந்தேன். பாவா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், காதருகே குனிந்தார்.

"ஆபீஸ்ல எதுனா சொல்லப் போறாங்கடா. மீசைய மட்டும் எடுத்துக்கோ, போதும். யாரு கேக்கப் போறாங்க?"

"இல்ல பாவா, முழுசா எடுக்கச் சொல்லுங்க."

கொள்ளி வைக்கத்தான் நான் இல்லை. இதாவது நைனாவுக்கு முழுசாகப் போகட்டும் என்றிருந்தது.

திரும்பி வந்த முதல் நாள், லிஃப்டில் மொரிதா-சான். மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினேன். என் தலையைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இடுப்பு வரை குனிந்து, அப்படியே நின்றார்.

"இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை, குமார்-சான். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வாருங்கள்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சனிக்கிழமை அந்த வாடகை அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது காதோ-சான்தான் தோளைத் தட்டி விளக்கினார். பெருந்தவறு செய்தவர்கள் தலையை மழித்துக்கொண்டு வந்து நிற்பது இங்கே வழக்கமாம். இந்தக் காலத்தில் அவ்வளவு மனதோடு யார் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று மொரிதா-சான் கண்கலங்கினாராம். திருத்தணி மலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மொட்டையோடு இறங்கும் ஊரில் பிறந்தவனுக்கு இது எப்படித் தோன்றும்?

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உள்ளே போனேன். மொரிதா-சான் அந்தக் காகித உறையை நீட்டினார். சட்டையைப் போட்டுக்கொண்டேன். சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட, மறுபடி வெளியே நிற்கப் பயமாக இருந்தது. நைனா செத்து இருபத்து மூன்றாம் நாள், இரண்டு மணி நேரம் டிரம்ஸ் அடித்தேன். நன்றாகவே அடித்தேன்.

என் அறைக்குத் திரும்பியதும் அக்கா ஃபோனில் கூப்பிட்டாள்.

"ஒரு வருசத்துக்கு பாட்டு கீட்டுன்னு எங்கியும் போவாத. நைனாவுக்காக எடுத்த மொட்டடா அது."

"ஆங், போவலக்கா. ரூம்லதான் படுத்துகினு கீறேன்."

ஃபோனை வைத்துவிட்டுத் தலையைத் தடவினேன். அரிசி அளவுக்கு முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. உடம்பில் இன்னும் அந்த அம்மாள் தேர்ந்தெடுத்த சட்டை.