நீளக் கரண்டி

ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவளுக்குக் கரண்டியக்கா என்று பெயர் வந்தது வெள்ளத்தின்போதுதான். வீடெல்லாம் மூழ்கி, தெருவே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. குடிக்க இருந்தது ஒரே டிரம் தண்ணீர். ஆளாளுக்குத் தம்ளரோடு கையையும் முக்கினார்கள். வெள்ளத்துக்குத் தப்பியவர்களை வயிற்றுப்போக்கு அள்ளிக்கொண்டு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். நீளமான கரண்டியோடு டிரம் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மொண்டு ஊற்றினால்தான் தண்ணீர்.

மறுநாள் அவள் அண்ணனுக்கே வயிற்றால் போனது.

"கடைசி வகுப்புல தனியா படுண்ணே. அந்தப் பக்கத்துக் கக்கூஸ் உனக்கு மட்டும்தான்."

"கூடப் பிறந்தவனையே தள்ளி வைக்கிறியா? பேரப் பிள்ளைங்க முன்னாடி என் மானம் போகுது."

"போன மானம் திரும்பி வரும். அந்தப் பிஞ்சுங்களுக்கு இது ஒட்டிக்கிச்சுன்னா உசுரு திரும்பி வருமா? எழுந்திரு."

முறைத்துக்கொண்டே போனான். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிள்ளைகள் ஒருவருக்கும் வயிற்றால் போகவில்லை.

வெள்ளம் வடிந்த அன்று, அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஒருவன் டிரம்முக்குள் தம்ளரை விட்டான். கடைசி வகுப்பு ஜன்னலிலிருந்து அண்ணன் கத்தினான்: "டேய், கையை எடு! கரண்டி எதுக்குடா இருக்கு?"